பாடு நாளில் அணைந்த கம்ப்யூட்டர்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்படித்தான். விளையாட்டில் எதிரியின் கோட்டைக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தேன். பட்டென்று திரை இருட்டாகிவிட்டது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கம்ப்யூட்டருக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த காற்றாடிகளின் சத்தமும் அதே நொடியில் நின்றது. மேசையை ஓங்கி ஓர் அறை விட்டேன். "சனியனே!" என்று கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

பொத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை எங்கள் குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். இன்றைக்கு அந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. இதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவன் கூடை நிறைய இறாலோடு கரைக்கு வரலாம். வெறும் பாசியோடும் வரலாம். வெறுங்கையோடு வந்தாலும் அவன் குறை சொல்ல மாட்டான், மற்றவர்களும் கிளறிக் கேட்க மாட்டார்கள். குறை சொன்னால் விழுந்த சீட்டைப் பழித்த மாதிரி. அடுத்து அங்கே போகிறவனின் மனதையும் கெடுத்த மாதிரி.

இந்த கேமிங் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் நான்கு பேர் அதற்காக அடித்துக்கொண்டோம். வீட்டுப் பெண்ணான நான், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் என் தம்பி, வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனின் மனைவியான அண்ணி, அடுத்த வீட்டில் இருக்கும் மாமா மகன். மாமா மகன் கடலுக்குப் போகிறவர். எனக்கு மச்சான் முறை. எங்கள் கூச்சல் தாங்காமல் நைனாதான், அதாவது எங்கள் அப்பாதான், ஒருநாள் சீட்டுப் போட மீன் கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "இன்னாத்துக்கு இப்பிடி நாய் மாரி அடிச்சிக்கிறீங்கோ? பாடு போட்டுக்கோங்க. வந்தத வாங்கிக்கணும். சொத்த, சோடனு எவனும் வாய் தொறக்கக் கூடாது, ஆமா" என்றார். அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்கும் பாடு வந்துவிட்டது. நாளுக்கு ஒருவர்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர். அந்த முறையோடு சேர்ந்து, குறை சொல்லக் கூடாது என்கிற மரியாதையும் வந்துவிட்டது.

ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி முறத்தில் கருவாட்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போகிறவள், இருண்ட திரையைப் பார்த்து நின்றாள். ரகசியம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"உனக்குமா?"

"இன்னா எனக்குமா?"

"உனக்கும் இது இப்பிடி நின்னு போவுதா?"

"ஏன், உனக்கும் ஆவுதா அண்ணி?"

"ஒரு மாசமா."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஒரு மாசமாவா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? சொல்றதுக்கு இன்னா?"

"நீ மட்டும் சொன்னியா?" என்றாள் அண்ணி.

நியாயமான கேள்வி. எனக்கும் மூன்று வாரமாக அணைந்துகொண்டுதான் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் போர்வையைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "எனக்கா? எனக்கு எத்தினி வாட்டி ஆச்சு! என் நேரம் சரியில்லனு நெனச்சிக்கினேன்." கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் அவ்வப்போது விபூதி இருக்கும். நைனாவின் வேலை என்று நினைத்திருந்தேன். "அந்த விபூதி நீயாடா?" என்று கேட்டேன். போர்வைக்குள் போய்விட்டான்.

சுவர் மேலிருந்து எட்டிப் பார்த்து மச்சானைக் கூப்பிட்டேன். வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார். "மச்சான், உன் பாடு நாள்ல கம்ப்யூட்டர் அணையுதா?"

நைனா பக்கத்தில் இருக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அணையுது" என்றார்.

நால்வருக்கும் அணைந்திருக்கிறது! நால்வரும் அவரவர் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு வாய் மூடி எழுந்து போயிருக்கிறோம். மச்சான் சுவரைத் தாண்டி வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிங்களா, மீனு இல்லன்னாதான் சொல்ல மாட்டோம். வல கிழிஞ்சி போனா அடுத்தவங்கிட்ட சொல்லாம உடுவமா? இது கிழிஞ்ச வல ஆச்சே!" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். தம்பி போர்வையோடு உருண்டான்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

அண்ணி முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துப் பெண். பிறந்த வீட்டில் அண்ணன் தம்பிகளோடு போனில் சுட்டு விளையாடிப் பழகியவள். எங்கள் நால்வரில் அவள்தான் கெட்டிக்காரி. அவள் குறி வைத்தால் தப்பாது. சென்னையில் பெண்கள் மட்டும் சேர்ந்து ஆடும் ஓர் அணிக்கு ஐந்தாவது ஆள் தேவைப்பட்டிருக்கிறது. இவள் விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு முறை சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து, அண்ணி பாதியில் காணாமல் போயிருக்கிறாள். அந்த அணித் தலைவி குழுவில் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். 'தோற்கப் போகிற நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நமக்கு வேண்டாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கடைசி வாய்ப்பு. மறுபடியும் பாதியில் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அண்ணி ஓடுகிறவளா? எதிரிகள் மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் ஒற்றை ஆளாக நின்று அடிக்கிறவள்! "இந்த ஞாயிறா? இன்னிக்கா?" என்று கத்தினேன்.

"இன்னிக்குத்தான்" என்றாள். "என் கைராசி சரியில்லனு நெனச்சேன். நான் தொட்டாத்தான் இது நிக்குது, மருமவ வந்து மெஷின ஒடச்சிட்டானு பேச்சு வந்துரும்னு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத. சாயங்காலம் நீ ஆடுற. நான் ஆச்சு" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் சொல்லும்போதே உடம்பில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. பொன்னேரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய், நாளடைவில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவும் பழகியவள் நான். ஒரு பழுதை மடக்கிப் பிடிக்கிற சுகம் எனக்குத் தெரியும்.

முதலில் நால்வரின் அனுபவத்தையும் ஒன்று சேர்த்தோம். பாட்டுக் கேட்கும்போது அணையவில்லை. படம் பார்க்கும்போதும் இல்லை. மச்சானுக்குக் கார் பந்தயத்தில், அதுவும் மழை பெய்கிற ஊரில் ஓட்டும்போது அணைந்தது. அண்ணிக்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூடிச் சுட்டுக்கொள்ளும்போது அணைந்தது. எனக்குக் கோட்டைக்குள். அதாவது படத்தை வரைந்து தள்ளும் கிராஃபிக்ஸ் கார்டு மூச்சு வாங்க உழைக்கிற நேரம் பார்த்து அணைகிறது. ஒரு மாதமாக நால்வரின் வாயிலும் கால் கால் பங்காகப் பூட்டிக் கிடந்த விஷயம் இது. சேர்த்து வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

"கரன்ட்டு கொறவா வருது, அதான்" என்றான் தம்பி. எங்கள் பக்கம் ஐஸ் கம்பெனி ஓட ஆரம்பித்தால் வீட்டு பல்பு மங்கும். அதனால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். அதே பிளக் பலகையில் மேசை விசிறியையும் மாட்டி ஓடவிட்டேன். அண்ணி ஆடினாள். கம்ப்யூட்டர் அணைந்தது. விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, பல்பும் மங்கவில்லை. ஆக, வீட்டுக்கு வருகிற கரன்ட் பேரில் பழி இல்லை.

அடுத்தது சூடு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே விசிறியை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்தேன். திரை ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண் தெரியும்படி செய்தேன். எல்லாம் குளிர்ச்சியாக இருந்தது. அப்படியிருந்தும் சண்டை ஆரம்பித்த கையோடு அணைந்தது. சூடும் இல்லை. நினைவகத்தில் கோளாறு என்றால் நீலத் திரை வரும், கண்டபடி எழுத்து வரும். இப்படிக் கழுத்தை அறுத்த மாதிரி நிற்காது. மிச்சம் இருந்தவை இரண்டே. ஒன்று கார்டு, இன்னொன்று பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரன்ட்டை வாங்கி, பன்னிரண்டு வோல்ட், ஐந்து வோல்ட் என்று பிரித்து உள்ளே இருக்கிற எல்லோருக்கும் பரிமாறுகிற இரும்புப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர்.

"மச்சான், போட்டு பேட்டரி பாக்குற மீட்டரு எங்க?"

படகில் விளக்குக்கும் மீன் காட்டும் கருவிக்கும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதான். அதை அளக்க மச்சான் ஒரு மல்டிமீட்டர் வைத்திருந்தார். கொண்டுவந்து கொடுத்தார், மீன் வாடை குப்பென்று அடித்தது. சப்ளையிலிருந்து சும்மா தொங்கிய ஒரு பிளக்கில், மஞ்சள் கம்பி பக்கம் சிவப்பு முனையையும் கறுப்புக் கம்பி பக்கம் கறுப்பு முனையையும் வைத்தேன். சரியாகப் பன்னிரண்டு காட்டியது.

தம்பியின் முகம் தொங்கிப்போனது. "சப்ளை நல்லாத்தான்கா கீது. அப்போ கார்டு பூட்ச்சி." எனக்கும் சுருதி இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கார்டுக்கு எங்கே போவது?

அண்ணிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சும்மா குந்திக்கினு இருக்கும்போது நானுந்தான் நல்லா இருப்பேன். சண்டையில பாரு" என்றாள்.

அட, ஆமாம்! என்னை நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். மேசைக்கு அடியில் புகுந்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டேன். அண்ணி சண்டைக்குள் இறங்கினாள். தம்பி திரையைப் பார்த்தான், மச்சான் மீட்டரைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

"பன்னெண்டு... பன்னெண்டு... பதினொன்னு புள்ளி எட்டு..."

"மூணு பேர் வரானுங்க!" என்றாள் அண்ணி.

"புள்ளி ஆறு... புள்ளி நாலு... எறங்குது, எறங்குது! புள்ளி ஒண்ணு!"

பட்! எல்லாம் இருட்டு.

"சிக்கிட்டான்!" என்று நான் துள்ளியதில் மேசை தலையில் இடித்தது. வலிக்கவே இல்லை. ஓய்வாக இருக்கும்போது பன்னிரண்டு என்று யோக்கியன் மாதிரி காட்டிவிட்டு, சுமை ஏறியதும் காலை வாரிவிடுகிற பவர் சப்ளை! கார்டு இழுக்கிற கரன்ட்டுக்கு வரம்பு வைத்து, அதன் வேலையைப் பாதியாக்கி மறுபடியும் பார்த்தேன். எண் இறங்கவில்லை, கம்ப்யூட்டரும் அணையவில்லை. "இப்பிடியே ஆடிரட்டுமா?" என்று கேட்டாள் அண்ணி. ஆனால் படம் விட்டு விட்டு நொண்டியது. அதில் குறி வைக்க முடியாது. ஒரு சின்னச் சந்தேகமும் மிச்சம் இருந்தது. கார்டில் கோளாறு இருந்து, அது அளவுக்கு மீறிக் கரன்ட் இழுத்தாலும் இப்படி ஆகலாம். வேறு சப்ளையை மாட்டிப் பார்த்தால்தான் உறுதி.

பழையதைக் கழற்றினேன். பெட்டியோடு சேர்ந்து வந்த சப்ளை அது. பின்பக்கச் சல்லடை வழியாக டார்ச் அடித்தால் உள்ளே துருவும் வெள்ளை வெள்ளையாக உப்பும் தெரிந்தன. எங்கள் கடல்காற்று பூட்டையே தின்கிறது, இதை விடுமா? மச்சான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திறக்கப் போனார். "கைய வெக்காத மச்சான்! பிளக்க புடுங்கினாலும் உள்ள கரன்ட்டு நிக்கும், தூக்கி அடிச்சிரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

என் முதலாளி கடையைப் பூட்டிச் சாவியோடு திருப்பதிக்குப் போயிருந்தார். முன்பு எங்கள் கடையில் வேலை செய்து இப்போது சென்னையில் இருக்கும் தோழிக்கு போன் போட்டேன். அவளிடம் நல்ல சப்ளை ஒன்று சும்மா இருப்பது எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "கும்மிடிப்பூண்டி வண்டியில வரேன். எங்க மாமியார் வீட்டுக்கு எப்படியும் போகணும். நீ அனுப்பம்பட்டு ஸ்டேஷன்ல நில்லு, ஜன்னல் வழியா தரேன்" என்றாள். வாழ்க அவள் மாமியார்!

மச்சான் பைக்கை எடுத்தார். திருப்பாலைவனம் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை விடவே இல்லை. பின்னாலிருந்து நான் கத்திய கத்தலில் அந்த ஓட்டுநர் ஏதோ பிரசவ கேஸ் என்று நினைத்து ஒதுங்கினார். நாங்கள் படியேறும்போதே வண்டி நடைமேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் ஓடினேன். "இங்கடி, இங்க!" என்று ஒரு கை வாசலில் ஆடியது. கையில் காய்கறிப் பை. வாங்கினேன். கனம் கையைக் கீழே இழுத்தது.

"என்னடி இது, அம்மிக்கல்லத் தூக்கி வந்த மாதிரி தோளு போச்சு!" என்றாள்.

"கனமா இருந்தாத்தான்டி நல்ல சப்ளை!" என்று நான் கத்துவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது நான்கு மணிக்கு அதிக நேரம் இல்லை. அண்ணி பழைய கேபிள்களை எல்லாம் எடுத்து, பெட்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். பெரிய பிளக் மதர்போர்டுக்கு, இன்னொன்று பிராசசருக்கு, மற்றொன்று கார்டுக்கு. எல்லாம் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை.

மறுபடியும் அழுத்தினேன். கப்சிப். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினேன், வியர்வை கண்ணில் இறங்கியது. தம்பி பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டவன், "அக்கா, இதுல தனியா ஒரு சுவிச்சு கீதே, இது இன்னாத்துக்கு?" என்றான். பழைய சப்ளையில் அந்த சுவிட்ச் கிடையாது! அவன் தட்டினான். நான் அழுத்தினேன். காற்றாடிகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. தம்பியைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தேன்; துடைத்துக்கொண்டே ஓடினான்.

அந்த நேரம் பார்த்து நைனா உள்ளே வந்தார். "இன்னிக்கு யார் பாடு?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் மச்சானின் பாடு. பாடு கைமாறக் கூடாது என்பதில் நைனா கறார். மச்சான் கொஞ்சமும் அசராமல் நாற்காலியைப் பாதி பிடித்து உட்கார்ந்துகொண்டார். "என் பாடுதான் மாமா. நான் குந்திக்கினுதான கீறேன்? கை மட்டும் தங்கச்சி கை" என்றார். நைனா மீசைக்குள் சிரித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் ஆரம்பித்த பிறகும் மச்சான் ஒரு பக்கம் நாற்காலி விளிம்பில் தொங்கிக்கொண்டேதான் இருந்தார்.

நான்கு மணி. மூன்று சுற்று ஆட்டம். நான் மேசைக்கு அடியில் மீட்டரோடு. முதல் சுற்றிலேயே எல்லோரும் ஒரே இடத்தில் கூடிவிட்டார்கள். வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. இதுதான் அந்த இடம். இங்கேதான் இரண்டு முறையும் அணைந்தது. கார்டில் கோளாறு என்றால் இப்போது தெரிந்துவிடும். மீட்டரில் பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. அசையவே இல்லை! அண்ணியின் காலைத் தட்டி, "போ அண்ணி, அடி!" என்றேன்.

திடீரென்று அண்ணி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். மச்சான் தரையில் விழுந்தார். என் உயிர் போய் வந்தது. "இன்னா ஆச்சு?"

"செத்துட்டேன்! நான் செத்துட்டேன்!" அண்ணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள். "மெஷின் இல்ல! பின்னாலேர்ந்து ஒருத்தி சுட்டுட்டா, நான் பாக்கல! நானேதான் தோத்தேன்!" அந்தச் சுற்றில் தோற்றுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. மைக்கில் எல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. "ஏங்க, என்னாச்சுங்க?" என்று அணித் தலைவி குழம்பிப்போய்க் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. இங்கதான் கீறேன். எங்கயும் ஓடல. அடுத்த சுத்து போடுங்க" என்றாள் அண்ணி.

அதற்கடுத்த இரண்டு சுற்றுகளில் அவள் ஆடியதை நான் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தம்பி விசில் அடித்துக்கொண்டே இருந்தான். நைனா விளையாட்டு புரியாமலே, "உடாத, உடாத, வளைச்சிப் போடு!" என்று வலை இழுக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். இரண்டு சுற்றும் அண்ணி பக்கம். அணியில் சேர்த்துக்கொண்டதாக அந்தத் தலைவி சொல்லிவிட்டு, முன்பு எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டாள். நான் வெளியே வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அண்ணி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு குறை வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. நைனா உட்பட எல்லோரும் அவளையே பார்த்தோம்.

"இந்த நாற்காலி ஒரு பக்கமா சாயுது. ஆறு மாசமா முதுகு வலிக்குது. மவுசுல இடது பொத்தான் அப்பப்போ அழுந்தல. கீபோர்டு மேல மிச்சரு தின்றது யாருனு எனக்குத் தெரியும்." தம்பி மெல்ல வாசலைப் பார்த்து நகர்ந்தான். அண்ணி என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். சும்மா சும்மா மேசைய அறையாத. அந்த அறையில இன்னும் இன்னா இன்னா கழண்டு கீதோ!"

நான் என் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.